பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்

ஒட்டுசுட்டான்,
10.03.2024

அன்பான அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் யதுக்குட்டியும் சுகமாக இருக்கிறீர்களா? அத்தானின் முதுகுநோ குறைந்துவிட்டதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் சமைப்பதை நானே சாப்பிட வேண்டியிருப்பதுதான் ஒரே வருத்தம்.

கடிதத்தைக் கண்டு சிரிப்பீர்கள். இந்த ஆசிரியர் விடுதியில் போன் ஒரு கோடும் காட்டாது. கதைப்பதென்றால் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அங்கே யானை வரும். போன கிழமை அப்படி ஏறி நின்று எடுத்தேன், நீங்கள் "வேலை கிடக்கு, வைக்கிறன்" என்று இரண்டு வசனத்தில் வைத்துவிட்டீர்கள். எழுதினால் இடையில் வைக்க முடியாதே!

பள்ளிக்கூடம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் உள்ளே. என்னிடம் தரம் இரண்டைத் தந்திருக்கிறார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்திரண்டு பேரைச் சமாளித்துவிடலாம். மற்றது வினோஜா. "கொப்பியை எடுங்கோ" என்றால் எல்லோரும் எடுப்பார்கள், இவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள். ஏசினாலும் சிரிப்பாள். பலகையில் எழுதியதை அச்சுப் போலப் பார்த்து எழுதுவாள், அதில் ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னால் மீண்டும் அதே சிரிப்பு. கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறேன். தகப்பன் செல்வராசா கூலி வேலை செய்பவர். பள்ளிக்கூட வேலியோடு இருக்கும் தோட்டத்தில்தான் வேலை எடுப்பார், வேறு எங்கும் போகமாட்டார். இடைவேளைக்கு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவார். மற்றப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து வீட்டுக்குப் போக, இவளை மட்டும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். அவ்வளவு செல்லம்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, இப்படிப்பட்ட பிள்ளைகளை ஏன்தான் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்களோ. பெற்றவர்களுக்கு வீட்டில் வைத்திருக்க வெட்கம், எங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒன்றுக்காக இருபத்திரண்டு வீணாகிறது.

வருகிற ஆண்டு யதுவும் முதலாம் தரம். நேரத்தோடு விண்ணப்பம் போடுங்கள். பொங்கலுக்கு வந்தபோது படலையில் நின்று எத்தனை தரம் கூப்பிட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. இந்த வயதிலேயே பெரிய மனுசி! ஒரு நல்ல ரீச்சரிடம் சேர்ந்தால் சரியாகிவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் நீளமாக வர வேண்டும்.

உங்கள் தங்கை
மேனுகா


பரந்தன்,
23.03.2024

அன்புத் தங்கைச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அத்தானின் முதுகு அப்படியேதான், அதோடு வயலுக்கும் போகிறார். நீ கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி நல்ல கதை இல்லை.

நெல் வெட்டி முடிந்தது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு தருவார்கள் என்று கூட்டம் வைக்கிறார்கள். அத்தான் போயிருக்கிறார்.

உன் வகுப்பில் இருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். நீ கதைக்கும்போது அவள் உன் கண்ணைப் பார்க்கிறாளா, வாயைப் பார்க்கிறாளா? அவள் ஏதாவது படம் கீறிக்கொண்டிருக்கும் நேரம் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார். நிழல் விழக்கூடாது, காலடி அதிரக்கூடாது. மெல்லவும் கூப்பிடு, சத்தமாகவும் கூப்பிடு. பார்த்துவிட்டு எழுது.

வருசப் பிறப்புக்கு இங்கே வராதே. நாங்கள் யாழ்ப்பாணத்தில் அத்தானின் ஆட்களிடம் போவோம்.

யது சுகம்.

அன்புடன்
அக்கா பத்மாசனி


ஒட்டுசுட்டான்,
05.05.2024

அன்பான அக்காவுக்கு,

வருசப் பிறப்பை விடுதியில் தனியாகக் கழித்தேன். அதை மன்னித்துவிட்டேன். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்பட வேண்டாம்.

அக்கா, நீங்கள் சொன்னது சரி! வினோஜா பூக் கீறிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு அடி பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டேன், பிறகு சத்தமாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. கடைசியில் ஒரு சட்டி மூடியை நிலத்தில் போட்டேன். வகுப்பே துள்ளி எழும்பியது. அவள் பூவுக்கு நிறம் தீட்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையை நான் ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன், அவளுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அன்று தகப்பனை வேலியடியில் மறித்தேன்.

"வினோஜாவுக்குக் காது கேக்காதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க ரீச்சர்."

"எப்ப இருந்து?"

"மூணு வயசில இருந்து. கிட்ட நின்னு சத்தமாச் சொன்னாக் கொஞ்சம் கேக்கும். பின்னால யானை வந்தாக் கேக்காது. அதாலதான் நடக்க விடுறதில்லீங்க."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். "முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல சொன்னோமுங்க. இங்க சரிவராது, வேற இடம் பாருங்கன்னுட்டாங்க. அதால இங்க சொல்லாமச் சேத்தோம். ஒரு வருசம் ஓடிட்டுது."

கேட்கக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா, தெரிந்த பிறகு எப்படி வைத்திருப்பது? காது கேளாத பிள்ளைகளுக்கென்று விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதிபரும் அதைத்தான் சொல்கிறார். படிவம் எடுத்து நானே நிரப்பி வைத்திருக்கிறேன். தகப்பன், "அவ இல்லாம வீட்டுல இருக்க ஏலாதுங்க" என்று அழுகிறார். அவளுடைய நன்மைக்காகத்தானே செய்கிறேன்?

உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீங்கள் ரீச்சராக வந்திருக்க வேண்டியவர்.

யதுவின் விண்ணப்பம் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே?

அன்புத் தங்கை
மேனுகா


பரந்தன்,
19.05.2024

மேனுகாவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டதா? இரத்தம் சோதித்தாயா? அதை முதலில் எழுது.

ஏழு வயதுப் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கும் படிவத்தை நிரப்பியிருக்கிறாய். ஒரு சொட்டும் கேளாத பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் தேவைப்படலாம், நான் அதைக் குறை சொல்லவில்லை. இவளுக்குக் கிட்ட நின்று சொன்னால் கேட்கிறது என்று தகப்பனே சொல்கிறார். நீ கிட்டப் போனாயா? அவளைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு, விளங்கவில்லை என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய்.

முன்னுக்குக் கொண்டுவந்து இருத்து. பலகையைப் பார்த்துக்கொண்டு கதையாதே. கத்தாதே, கத்தினால் வாய் கோணும், அவளுக்கு இன்னும் விளங்காது. ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல். சொன்னதைச் செய்து காட்டு. விளங்கினதா என்று மட்டும் கேட்காதே. இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள். விளங்காதபோதுதான் கூடச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒரு சின்னப் பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம் என்று கேள்.

இதெல்லாம் கிளினிக்கில் ஒரு தாய் சொன்னா. வேறொன்றும் கேட்காதே.

உடம்பைக் கவனி.

அக்கா


ஒட்டுசுட்டான்,
16.06.2024

அன்பான அக்காவுக்கு,

இரத்தம் சோதித்தேன், ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் நலமா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். எனக்கே பாடம் எடுக்கிறாவே என்று. பிறகு வேறு வழியில்லாமல் செய்து பார்த்தேன்.

முதல் கிழமை படுதோல்வி. முன்னுக்கு இருத்தியவுடன் வினோஜா அழத் தொடங்கினாள். முன்னுக்கு வந்தால் அடி விழும் என்று நினைத்திருக்கிறாள். ஏன் அப்படி நினைத்தாள் என்று எழுத எனக்கு மனமில்லை. பிறகு முன்னுக்கு இருத்தியும் அவளுக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன்: நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், என் முகம் அவளுக்கு இருட்டு. அவளை மாற்றாமல் நான் இடம் மாறினேன்.

அனோஜா என்றொரு வாயாடி இருக்கிறாள். அவளை வினோஜாவுக்குப் பக்கத்தில் விட்டேன். நான் பலகையைப் பார்த்துக் கதைக்கும் ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஒரு கோடு போடச் சொன்னேன். முதல் நாள் முப்பத்தெட்டுக் கோடு! முப்பத்தெட்டுத் தடவை அந்தப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். இந்தக் கிழமை பதினொன்றுக்கு வந்திருக்கிறது. யாராவது கதைப்பதென்றால் முதலில் கையை உயர்த்த வேண்டும், வினோஜா திரும்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்காகச் செய்தது. ஆனால் இப்போது எல்லோரும் ஒருவர் கதைப்பதை ஒருவர் கேட்கிறார்கள். கடைசி வரிசையில் நித்திரை கொள்ளும் விதுசன்கூடக் கை உயர்த்துகிறான்.

வெள்ளிக்கிழமை தடிகளை வைத்துக் கழித்தல் செய்தோம். முதலில் முடித்தது வினோஜா. "எப்பிடிச் செய்தனீர், சொல்லும் பாப்பம்" என்றேன். பத்துத் தடிக் கட்டை அவிழ்த்துக் காட்டி, "பத்து… உடைச்சு… குடுத்தன்" என்றாள். மூன்று சொல். அவளுடைய குரலை அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

கல்வியியற் கல்லூரியில் எனக்குக் கல்வி உளவியலில் அதிவிசேட சித்தி. தனியாள் வேறுபாடு, உட்படுத்தல் கல்வி என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். பரீட்சைத் தாளில் இருந்த பிள்ளைகள் எவ்வளவு நல்லவர்கள்! ஒருவரும் என்னைக் களைக்க வைக்கவில்லை.

படிவம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதிபர் இரண்டு முறை கேட்டார்.

எந்தக் கிளினிக், அக்கா? நீங்கள் ஏன் அங்கே போனீர்கள்?

அன்புடன்
மேனுகா


ஒட்டுசுட்டான்,
14.07.2024

அன்பான அக்காவுக்கு,

நாலு கிழமையாகப் பதில் இல்லை. குளக்கட்டில் ஏறி மூன்று முறை எடுத்தேன், மணி அடித்து ஓய்கிறது. வீட்டில் யாருக்கும் சுகமில்லையா? அத்தானுக்கா?

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்றால் விடுங்கள், அதற்குப் பதில் வேண்டாம். சுகம் என்று ஒரு வரி எழுதினால் போதும். யதுவின் விண்ணப்பம் இந்த மாதத்தோடு முடிகிறது, மறந்துவிடாதீர்கள்.

மேனுகா


பரந்தன்,
16.07.2024

அன்பின் மேனுகாவுக்கு,

நலம். உமது சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். உமது அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

யதுவுக்கு இரண்டு காதும் பாதிக்கு மேல் கேட்காது. மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் சோதித்துச் சொன்னார்கள். நாங்கள் அதுவரை அவள் என்னைப் போல, கதை குறைவு என்றுதான் நினைத்திருந்தோம். சித்திரையில் காதுக்கு மெசின் போட்டார்கள். வருசப் பிறப்புக்கு உம்மை வரவேண்டாம் என்றது அதனால்தான். மெசின் போட்டால் பிள்ளைக்கு நல்லாகக் கேட்கிறது. ஆனால் படலை திறக்கும் சத்தம் கேட்டால் பத்மாசனி ஓடிப்போய்க் கழற்றி வைத்துவிடுவா.

நீர் பங்குனியில் எழுதிய முதல் கடிதம் வந்த அன்று அதைக் குசினிக்குள் நின்று வாசித்தவ. அடுப்பில் கிடந்த சோறு கரிந்து மணந்த பிறகுதான் நான் உள்ளே போனேன். அன்றைக்கே, ஒரு வருசம் கழித்துப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று சொல்லத் தொடங்கினவ. இப்போது விண்ணப்பத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என்னோடும் கதைப்பதில்லை. முடிவு திகதி 31.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை. நீர் தெரியாமல் எழுதினீர். ஆனால் நான் சொன்னால் அவ கேட்கமாட்டா. நீர்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு
தயாபரன்


ஒட்டுசுட்டான்,
20.07.2024

என் அக்காவுக்கு,

அத்தான் எழுதினார். அவரைக் கோபிக்க வேண்டாம்.

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு இன்று முடியவில்லை. பங்குனியில் நீங்கள் "யது சுகம்" என்று எழுதியதை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன், அடுத்த கடிதத்தில் அதுவும் இல்லாததைக் கவனிக்கவேயில்லை.

அந்த முதல் கடிதத்தைக் களைப்பில் எழுதினேன் என்று சொல்லப் போவதில்லை. நான் நினைத்ததைத்தான் எழுதினேன். பெற்றவர்களுக்கு வெட்கம் என்று எழுதினேன். படலையில் நின்று கூப்பிட்டபோது திரும்பாத பிள்ளையைப் பெரிய மனுசி என்று எழுதினேன். அம்மா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்பியது நீங்கள். அப்படி வளர்ந்தவள் உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதியது இது.

அதற்குப் பிறகும் நீங்கள் எனக்கு, வினோஜாவை எப்படி இருத்துவது, எப்படிக் கதைப்பது என்று சொல்லித் தந்தீர்கள். யதுவிடம் படித்ததை எல்லாம் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குத் தந்துவிட்டு, யதுவை வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்.

அக்கா, யதுவுக்கு நல்ல ரீச்சர்தான் கிடைப்பா என்று என்னால் உறுதி தர முடியாது. என்னைப் போல ஒருத்தி கிடைக்கலாம். ஆனால் என்னை மாற்றியது உங்கள் கடிதம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வினோஜா ஒவ்வொரு நாளும் காலையில் வந்து என் முன்னால் இருந்தாள். அவள் வீட்டில் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் பலகையோடுதான் கதைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். செல்வராசாவிடம் சொன்னபோது, "இனிமே நான் வேற தோட்டத்துக்கும் வேலைக்குப் போகலாங்களா?" என்றுதான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். யதுவையும் கூட்டிக்கொண்டு வந்து என் வகுப்பில் இருந்து பாருங்கள். மெசினைக் கழற்றாமல் கொண்டுவாருங்கள். வர மனமில்லை என்றால், என்னில் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

மேனுகா


பரந்தன்,
04.08.2024

அன்புத் தங்கைச்சிக்கு,

போன கிழமை சுகமாக வந்து சேர்ந்தோம். வழியில் யது இரண்டு தரம் சத்தி எடுத்தாள். உன் சமையல்தான் காரணம் என்று அத்தான் சொல்கிறார்.

அன்றைக்கு உன்னைக் கண்டவுடன் அழுததில் ஒன்றும் கதைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து நான் யாருக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ ரீச்சர், உனக்கு விளங்கும் என்று. சொல்வதற்கு எழுதத் தொடங்கிய கிழமைதான் உன் கடிதம் வந்தது. இதை உன்னை நோகடிக்க எழுதவில்லை. இனி உன்னிடம் ஒன்றையும் மறைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பின்வாங்கில் இருந்து உன் வகுப்பைப் பார்த்தேன். நீ மறந்துபோய்ப் பலகைக்குத் திரும்பிக் கதைத்தாய், உடனே இருபத்து மூன்று பேரும், "ரீச்சர், முகம்!" என்று கத்தினார்கள். உன் காது சிவந்து போனது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு வினோஜா எழும்பி வந்தாள். யதுவின் காதிலிருந்த மெசினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். யது கூசவில்லை. தலையைச் சரித்துக் கொடுத்தாள். அவ்வளவு நாளும் கூசியது நான்தான்.

வெளியே செல்வராசா, "இதப் போட்டா வலிக்குங்களா?" என்று கேட்டார்.

"நோகாது. என்ர பிள்ளைக்கும் காது கேக்காது," என்றேன். என் வாயால் வெளி ஆளிடம் அதை முதலில் சொன்னது அங்கேதான். அவர் தலையாட்டினார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த கிளினிக்குக்கு வினோஜாவையும் எங்களோடு கூட்டிப்போகிறேன். அவரிடம் சொல்லிவிடு.

விண்ணப்பத்தை 31ஆம் திகதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில், பிள்ளைக்கு விசேட தேவைகள் ஏதும் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெறுமையாக விட்டுவிட்டேன். ஏசாதே. கை வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


ஒட்டுசுட்டான்,
17.11.2024

அன்பான அக்காவுக்கு,

மழை விடாமல் பெய்கிறது. உங்கள் பக்கம் வெள்ளம் ஏறியதா? வயல் தப்பியதா? நான் மூக்கு ஒழுகும் தடிமனோடு சுகமாக இருக்கிறேன்.

வினோஜாவுக்குப் போன கிழமை மெசின் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரு காதுக்கு மெசினாலும் அதிகம் உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் காதில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பத்து மணிக்குத் தகரக் கூரையில் மழை கொட்டியது. பயந்துபோய் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டாள். ஏழு வயதில் முதன்முதலாக அப்படி ஒரு சத்தம்! அனோஜாவும் கீழே புகுந்து, "மழைதான்டி, மழைதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு எல்லோருமாகக் கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்தோம். அன்று கணிதம் நடக்கவில்லை.

வாசிப்பில் இன்னும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். மெசின் போட்டவுடன் எல்லாம் வந்துவிடாது, இழந்த சொற்கள் எத்தனையோ. சில நாட்களில் எனக்குப் பொறுமை போகிறது, விடுதிக்கு வந்து தலையணையில் குத்துகிறேன். ஆனால் அதிபரிடம் கேட்டு, இதே பிள்ளைகளோடு நானும் தரம் மூன்றுக்குப் போகிறேன். "உமக்கு வேற வேலை இல்லையோ?" என்றார், கையெழுத்தும் போட்டார்.

அக்கா, அந்தக் கட்டத்தை நீங்கள் வெறுமையாக விட்டதற்காக நான் ஏசமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்க முன் யதுவின் ரீச்சரிடம் போய்ச் சொல்லுங்கள். தெரியாத ரீச்சர் என்ன செய்வா என்று என்னைவிட உங்களுக்கு யார் சொல்ல வேண்டும்?

யதுவுக்கு ஆயிரம் முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேனுகா


பரந்தன்,
09.02.2025

அன்புத் தங்கைச்சிக்கு,

தடிமன் போய்விட்டதா? இங்கே மூவரும் சுகம். யதுவைப் பற்றி எழுதத்தான் இன்றைக்குப் பேனா எடுத்தேன்.

நீ சொன்னதை நான் செய்யவில்லை. முதல் நாள் அந்த ரீச்சரிடம் சொல்லப் போனேன். இளம் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்று கேட்டா. "ஒண்டுமில்லை ரீச்சர், நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யதுவின் தலைமயிரை விரித்து இரண்டு பக்கமும் காதை மூடிச் சீவி, கிளிப் குத்தி அனுப்பியிருந்தேன். எந்தத் தாயும் பிள்ளையின் தலையை இவ்வளவு கவனமாகச் சீவியிருக்கமாட்டாள். மூன்று நாள் அப்படி. பின்னேரம் என்ன படித்தாய் என்று கேட்டால், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாகத் தெரியும். இருந்தும் நாலாம் நாளும் அப்படியே சீவினேன்.

அன்று தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். வகுப்பு ஜன்னலடியில் நிற்கிறேன், ரீச்சர் பிள்ளைகளுக்கு இடையில் நடந்து நடந்து கதை சொல்கிறா. நரியோ முயலோ, எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். யது மற்றவர்களின் முகத்தைப் பார்த்து, பிந்திச் சிரிக்கிறாள். எனக்கு உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை.

திடீரென்று யது எழும்பி நின்றாள். கையை உயர்த்தினாள். ரீச்சர் திரும்பினா.

"ரீச்சர், எனக்குக் கேக்கேல்லை."

"என்ன பிள்ளை கேக்கேல்லை?" என்று ரீச்சர் கேட்டா.

யது கிளிப்பைக் கழற்றினாள். தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். மற்றப் பக்கத்தையும் காட்டினாள். "எனக்குக் காது கேக்காது. இது மெசின். கிட்ட வந்து சொல்லுங்கோ. முதல்ல இருந்து சொல்லுங்கோ."

அழுது சொல்லவில்லை மேனுகா. கடையில் போய்ப் பாண் கேட்பது போலச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. முன்னுக்கு இருந்த ஒரு குட்டி மட்டும், "அது பற்றரியிலயோ வேலை செய்யிறது?" என்று கேட்டது. "ஓம்" என்றாள் இவள், பெருமையாக.

ரீச்சர் வந்து அவளுக்கு முன்னால் குந்தி இருந்தா. முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, கதையைத் தொடக்கத்திலிருந்து திரும்பச் சொன்னா. மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்ட கதையை இன்னொரு முறை கேட்டார்கள். இந்த முறை யது எல்லோரோடும் ஒன்றாகச் சிரித்தாள்.

நான் போத்தலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மதில் ஓரமாக நின்று நல்லாக அழுதேன். பிறகு மணி அடித்ததும் உள்ளே போய், ஒரு வருசமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த ரீச்சரிடம் சொன்னேன். அவ ஒரு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டா. "முதலே சொல்லியிருக்கலாமே அம்மா," என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சீப்பை எடுத்தபோது யது, "இண்டைக்கு இரட்டைப் பின்னல்" என்றாள். காது இரண்டும் தெரிய இழுத்துப் பின்னி, மேலே சிவப்பு ரிபன் கட்டிவிட்டேன்.

உன்னையும் உன் தரம் மூன்றையும் கேட்டதாகச் சொல்லி முடிக்கிறேன்.

அன்புடன்
அக்கா பத்மாசனி